ஒன்பது விநாடிச் சிரிப்பு

சித்திக்கு அலுவலகத்தில் பீரோ என்று பெயர். எதைக் கேட்டாலும் மறு நிமிஷம் எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் காட்சிக் காப்பகத்தில் இருபத்திரண்டு வருட வேலை. செய்திப் பிரிவிலிருந்து யாராவது ஓடிவந்து, "பீரோக்கா, வெள்ளம், பாலம், மாடு" என்று மூச்சிரைத்தால் போதும். பாலத்தடியில் மாடு மிதந்து போகும் காட்சி அவர்கள் கைக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு காட்சித் துண்டுக்கும் அவள் ஐந்தாறு சொற்கள் எழுதி வைப்பாள். அந்தச் சொல்லைச் சொன்னால் அந்தக் காட்சி வரும். வீட்டிலும் அதே புத்திதான். சர்க்கரை டப்பாவில் "இனிப்பு, வெள்ளை, எறும்பு" என்று ஒட்டியிருப்பாள். "என் நெத்தியில என்னன்னு எழுதி ஒட்டப்போற?" என்று சித்தப்பா கேட்டால், "சத்தம், பசி, ஓசிப் பேப்பர்" என்பாள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

இப்படிப் பேசுகிறவள், டிவியில் செய்தி தொடங்கினால் எழுந்து போய்விடுவாள். தன் நிலையத்துச் செய்தியைத் தானே பார்க்காத ஆள். சித்தப்பா அதையும் கேலி செய்வார். "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் திங்கமாட்டான்" என்பார். அதற்குள் அவள் சமையலறைக்குப் போயிருப்பாள்.

விஷயம் இதுதான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கார்ப் பந்தயத்தில் விபத்து. வளைவில் ஒரு காரின் முன்சக்கரம் கழன்று பறந்து, ஓரத்தில் கொடி காட்டிக்கொண்டு நின்றவர் மேல் விழுந்தது. அவர் அங்கேயே இறந்துபோனார். கார் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. ஓட்டியவர் வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். கழற்றும்போது பல் தெரிந்தது. எல்லாவற்றையும் வெட்டிச் சுருக்கி ஒன்பது விநாடி. அன்று மாலைச் செய்தியில் அந்த ஒன்பது விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, கீழே சிவப்புப் பட்டையில் "உயிர் போன இடத்தில் சிரித்த ஓட்டுநர்" என்று போட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து விசாரணை முடிந்தது. சக்கரத்தைப் பிடித்திருந்த இரும்பில் பழைய விரிசல் இருந்திருக்கிறது, ஓட்டியவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்றார்கள். அந்தச் செய்தியை வானிலைக்கு முன்னால், படம் எதுவுமில்லாமல், ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டார்கள்.

அந்தத் துண்டுக்குச் சித்தி முதல் நாளே எழுதி வைத்த சொற்கள்: அதிவேகம், பொறுப்பின்மை, விபத்து, பலி, சிரிப்பு. செய்தியில் சொன்னதைத்தான் எழுதினாள். மாற்று என்று யாரும் சொல்லவில்லை. அவளும் மாற்றவில்லை. அதற்குப் பிறகு எங்கே எந்த லாரி கவிழ்ந்தாலும், செய்திப் பிரிவில் யாரோ "அதிவேகம்" என்று தட்டுவார்கள். முதல் ஆளாக அந்த ஓட்டுநர் வந்து நிற்பார். ஹெல்மெட்டைக் கழற்றுவார். பல் தெரியும்.

"செத்தவங்கதான் திரும்பத் திரும்ப வருவாங்கன்னு சொல்வாங்க" என்று ஒரு நாள் சித்தி என்னிடம் சொன்னாள். "இவரு உயிரோட இருக்காருடா. எங்கயோ உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு. அப்பவும் இங்க வந்து நிப்பாரு. நான் எழுதி வச்ச பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

சிக்னலில் நிற்கும்போது அவள் மற்றவர்களின் முகத்தையே பார்ப்பாள். இறுக்கமான ஹெல்மெட்டைக் கழற்றுகிறவர்களுக்கெல்லாம் கன்னம் மேலே இழுபட்டு, உதடு விரிந்து, ஒரு கணம் பல் தெரிகிறது. ஊரே சிரிக்கிறது என்பாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் காப்பகத்துக்கு ஆள் வந்திருப்பதாக வரவேற்பறையிலிருந்து போன். வந்தவருக்கு முன்தலையில் முடி இல்லை. கண்ணாடி போட்டிருந்தார். சித்திக்கு அடையாளம் தெரிய ஒரு விநாடிகூட ஆகவில்லை. தினமும் பார்த்த முகம். ஆனால் வாய் மூடியிருந்த முகத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறாராம். "ரேஸ்காரர்னு நம்பி வந்தோம், ரெண்டாவது கியரைத் தாண்ட விடமாட்றாருன்னு கிண்டல் பண்றாங்க மேடம்" என்று அவரே சொல்லிக்கொண்டார். அவரும் சிரிக்கவில்லை, சித்தியும் சிரிக்கவில்லை.

"அந்த முழு டேப்பு வேணும் மேடம்."

"எதுக்கு சார்?"

"என் பொண்ணுக்குப் பதினோரு வயசு. ஸ்கூல்ல யாரோ போன்ல காட்டிட்டாங்க. வீட்டுக்கு வந்து, 'அப்பா, சிரிச்சீங்களா?'ன்னு கேட்டா. ஹெல்மெட் இறுக்கம்மா, கழட்டறப்ப வாயை இழுக்கும்னு சொன்னேன். சரின்னுட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட எதுவுமே கேக்கறதில்ல. கணக்குல சந்தேகம்னாக்கூட பக்கத்து வீட்டுக்குப் போறா." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "அந்த ஒன்பது செகண்டுக்கு அப்புறமும் கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நான் பாத்தேன். மிச்சத்தை அவளுக்குக் காட்டினாப் போதும்."

மிச்சம் இல்லை. செய்தியில் போன துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, தொண்ணூறு நாளில் டேப்பை அழித்து மறுபடியும் பயன்படுத்துவது அந்தக் காலத்து வழக்கம். வேண்டுமென்றால் காப்பகத்தார் ஒரு சீட்டு எழுதி முழுசாக வைத்துக்கொள்ளலாம். சீட்டுப் புத்தகம் சித்தியின் மேசையில்தான் இருந்தது. அன்று எழுதவில்லை, அவ்வளவுதான். அழிப்பு இயந்திரத்துக்குள் டேப்பை வைத்து அவளே பொத்தானை அழுத்தினாள்.

"அழிச்சாச்சு சார்."

"யாரு?"

"நான்தான்."

அவர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் சித்திக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அழிக்கறதுக்கு முன்னாடி பாத்தீங்களா?" என்றுதான் கேட்டார்.

"முழுசும் பாத்தேன். இருபது நிமிஷம்."

"அப்ப நீங்க வந்து சொல்றீங்களா? என் வீட்டு ஆள் சொன்னா அவ நம்பமாட்டா."

வருகிறேன் என்று சித்தி சொன்னாள். அவர் போனதும் அந்தத் துண்டுக்கு எழுதிய ஐந்து சொற்களையும் எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் ஒரு பஸ் மோதியது. செய்தியில் அவர் வந்து நின்று ஹெல்மெட்டைக் கழற்றினார். செய்திப் பிரிவில் ஒருவர் என்றைக்கோ அதைத் தன் கணினியில் போட்டு வைத்திருந்தார். "உங்களை ஏன் சும்மா சும்மா தொந்தரவு பண்ணணும்னுதான் பீரோக்கா" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தியை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். ஒரு மூடிய கடையின் முன் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"மிச்சம் ஞாபகம் வரமாட்டேங்குதுடா. பாத்தது நிச்சயம். ஆனா இப்ப நினைச்சா அந்த ஒன்பது செகண்டுதான் ஓடுது. முடிஞ்சதும் மறுபடியும் முதல்லேருந்து."

"திரும்பிடலாமா?"

"வர்றேன்னு சொல்லிட்டேனே. வண்டிய எடு."

பயிற்சிப் பள்ளிக்கு மேலேதான் வீடு. சுவரில் சாலைக் குறிகள் அச்சிட்ட பெரிய தாள். மேசையில் கற்றுக்கொடுப்பதற்காகக் கழற்றி வைத்த கிளட்ச் ஒன்று. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். மகள் எங்களுக்கு எதிரே, அப்பாவிடமிருந்து தள்ளி, சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"முழுசாப் பாத்தீங்களா ஆன்ட்டி?"

"பாத்தேம்மா."

"அப்புறம் என்ன ஆச்சு?"

சித்தி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பா ஹெல்மெட்டைக் கீழ போட்டாரு. அந்தக் கொடிக்காரர் விழுந்து கிடந்த பக்கம் ஓடினாரு. ரெண்டு கையையும் ஆட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாரு. அவர் தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு..."

குரல் தடங்கலில்லாமல் வந்தது. ஓட்டம், கூச்சல், மடி. எந்த விபத்துக்கும் பொருந்துகிற சொற்கள்.

"இல்லைங்க" என்றார் அவர்.

சித்தி நிறுத்தினாள்.

"நான் ஓடலைங்க. கால் வரல."

"ஏங்க, அவங்கதான் சொல்றாங்கல்ல, விடுங்களேன்" என்றார் மனைவி.

"இல்லம்மா. ஓடினது ஆம்புலன்ஸ் ஆளுங்க. நான் அவர் பக்கத்துலயே போகல. புல்லுமேல உக்காந்துட்டேன்."

மகள் சித்தியைப் பார்த்தாள். "அப்ப நீங்க பாக்கல."

"பாத்தேன் கண்ணு. சத்தியமாப் பாத்தேன். அந்த ஒன்பது செகண்டு மட்டும்தான் எனக்கும் மிஞ்சியிருக்கு. மத்ததெல்லாம் இப்ப நானாச் சொன்னது. தப்புதான்."

கீழே யாரோ காரைக் கிளப்பத் தெரியாமல் கிளப்பினார்கள். அது இருமி நின்றது. மறுபடி இருமியது. மகள் திரும்பினாள், சித்தியிடமிருந்து அப்பாவிடம்.

"உக்காந்துக்கிட்டு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. அவரோட கொடி காத்துல உருண்டு வந்துச்சு. பறந்துடக்கூடாதேன்னு பிடிச்சு வச்சுக்கிட்டேன்."

"என்ன கலர்?"

"மஞ்சள். முன்னாடி ஆபத்து, பாத்து வான்னு அர்த்தம்."

"யாருக்குக் காட்டினாரு?"

"முன்னாடி ஒருத்தன் வண்டி நின்னுபோச்சு. பின்னாடி வர்ற எங்களுக்குக் காட்டிக்கிட்டு இருந்தாரு."

"உங்களுக்கா?"

"எனக்கும்தான்."

அவள் தன் நாற்காலியை அப்பா பக்கம் இழுக்கவில்லை, எழுந்து வரவுமில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க, யார் வந்து எழுப்பினாங்க, கொடியை என்ன பண்ணீங்க. இறந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோனதாகவும், அந்த வீட்டம்மா கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டதாகவும் அவர் சொன்னார். "அவங்க டிவி பாத்திருப்பாங்க" என்றாள் மகள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் இது புதிது போலிருந்தது. எங்கள் டீ ஆறிக்கொண்டிருந்தது. எங்களை யாரும் இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. சித்தி என் முழங்கையைத் தொட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போதும் மேலே கேள்வியும் பதிலும் கேட்டுக்கொண்டிருந்தன.

திரும்பும் வழியில் சித்தி காற்றுக்கு மேல் குரலை உயர்த்தி, "இப்ப ஒன்பது செகண்டோட நிக்கலடா" என்றாள்.

"ஞாபகம் வந்துடுச்சா சித்தி?"

"டேப்புல பாத்ததா, அவர் சொல்லிக் கேட்டதான்னு தெரியல. ஹெல்மெட்டைக் கழட்டறாரு. பல்லு தெரியுது. அப்புறம் புல்லுமேல உக்கார்றாரு."

"அப்புறம்?"

"அப்புறம் எந்திரிக்கவே மாட்டேங்கறாரு."