ஹவுள் மீன்களை வெளியேற்றிய மாப்பிள்ளை

கல்முனைக்குத் தெற்கே மனைவியின் ஊருக்கு நான் குடிவந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு சூட்கேஸும் விஞ்ஞான ஆசிரியர் நியமனக் கடிதமும்தான். எங்கள் கரையில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். முதல் வருடம் அவன் அங்கே விருந்தாளியும் இல்லை, வீட்டுக்காரனும் இல்லை. கதிரையை எந்த மூலையில் போட்டு உட்காருவது என்றுகூடத் தெரியாமல் முழித்துக்கொண்டு திரிவான். ஆனால் பகல் சோற்றுக்கு மீன் ஆணம் என்றால், அந்தக் குழம்பில் தலைத் துண்டு மட்டும் தவறாமல் அவனுக்கு வரும். அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே பதவி அதுதான்.

மாமனார் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்களில் ஒருவர். பள்ளி முற்றத்தில் ஒரு ஹவுள் இருந்தது. தொழுகைக்கு முன் சுற்றி உட்கார்ந்து கைகால் முகம் கழுவி வுழூச் செய்யும் பெரிய சீமெந்துத் தொட்டி. சுவரெல்லாம் பச்சைப் பாசி. உள்ளே விரல் நீளத்தில் மீன்கள். கையை விட்டால் கூட்டமாக வந்து முட்டிப் பார்த்துவிட்டு, தின்னக்கூடிய சாமான் இல்லை என்று திரும்பிப் போகும். அந்த மெல்லிய முட்டலை இப்போது நினைத்தாலும் விரல் நுனி கூசுகிறது. அன்று எனக்கு அது அசுத்தமாகத்தான் பட்டது.

நோன்புக்கு மூன்று கிழமை இருந்தது. பள்ளியைத் துப்புரவாக்குவது பற்றிக் கூட்டம் நடந்தபோது நான் எழுந்து, ஹவுளை என்னிடம் விடுங்கள் என்றேன். மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"எங்கட மருமகன் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். அவர் பாத்துக்குவார்."

ஊருக்கு முன்னால் அவர் கொடுத்த வாக்கும் அன்றே என் வாளிக்குள் விழுந்துவிட்டது.

தண்ணீரை இறைத்தேன். பாசியைச் சுரண்டினேன். மீன்களை வாளியில் அள்ளிப் பள்ளிக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் விட்டேன். அங்கே நின்ற கொக்குகளுக்கு நோன்பு வருவதற்கு முன்பே பெருநாள் வந்துவிட்டது. பின்பு கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன்; அடியில் கிடந்த கல்லை எண்ணலாம். வந்தவர்களெல்லாம் மாஷா அல்லாஹ் என்றார்கள். பாங்கு சொல்லும் மோதினார் மட்டும், "அந்த மீனுகள் ஒங்களுக்கு என்ன மாஸ்டர் செஞ்ச?" என்று கேட்டார். படிக்காத மனிதர் என்று சிரித்துக்கொண்டேன்.

பத்து நாளில் கண்ணாடித் தண்ணீரில் மயிரிழை போல ஏதோ நெளிந்தது. மேலே வரும், வாலை ஆட்டும், கீழே போகும். பாடப்புத்தகத்தில் அதற்குக் குடம்பி என்று பெயர். நுளம்புப் புழு என்றால்தான் ஊரில் விளங்கும். டெங்குக் காலம் வேறு. சுகாதாரப் பரிசோதகர் வந்து வெள்ளைக் கோப்பையால் ஒருமுறை மொண்டார். புழுக்கள் வரிசையாக ஆடின.

"நோன்புக்கு முந்தின நாள் திரும்ப வருவன். இப்பிடியே இருந்தா ஹவுள மூட வேண்டி வரும் ஹாஜியார்" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரவில் தராவீஹ் தொழ ஊரே திரளும் மாதத்தில் ஹவுளுக்குப் பூட்டு. மாமனார் என்னை ஏசவில்லை. அன்று பகல் மீன் தலை அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் போனது. எனக்கு வால் துண்டு.

அடுத்த நாள் பதற்றத்தில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினேன். மௌலவி குனிந்து மணந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"கொஞ்சம் எண்டாப் பரவாயில்ல மாஸ்டர். பைப் தண்ணியிலயும் போடுறாங்கதானே. இது தண்ணியா மருந்தா எண்டு கேக்கிற அளவுக்குப் போட்டிரிக்கிங்க. இதால எப்பிடி வுழூச் செய்யிற?"

"எண்ணெய் ஊத்தினாப் புழு சாகும்" என்றேன்.

"ஊத்துங்க. பொறகு ஹவுளுக்குள்ள வடை சுடுவம்."

மருந்துத் தண்ணீரையும் இறைத்துவிட்டு மறுபடி நிரப்பினேன். ஆனால் நுளம்புக்கு என் ஹவுளின் வழி தெரியும்; இன்னும் சில நாளில் அதே கதைதான். பின்னேரம் வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் திருத்தி முடித்த தவணைப் பரீட்சைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி ஒன்றை எடுத்து உரக்க வாசித்தாள்.

"ஒரு சூழற்றொகுதியில் இருந்து மீன்களை அகற்றினால் நிகழக்கூடிய ஒரு மாற்றத்தைக் கூறுக. இந்தப் புள்ள நுளம்புப் புழு பெருகும் எண்டு எழுதியிரிக்கி. நீங்க சரி போட்டிரிக்கிங்க." தாளை முகத்தில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்தப் புள்ளைக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஹவுளக் கழுவியிருக்கலாமே?"

கேள்வி என்னுடையது. சரி போட்டதும் என்னுடைய சிவப்புப் பேனாதான். உற்பத்தியாக்கி, நுகரி, பிரிகையாக்கி என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டே என் வெண்கட்டி தேய்ந்திருந்தது. பாசி வெயிலைத் தின்று வளர்கிறது, மீன் பாசியையும் புழுவையும் தின்கிறது, மீனின் கழிவு பாசிக்கே திரும்பிப் போகிறது. இந்தச் சக்கரம் என் மூக்குக்குக் கீழே ஐந்து நேரமும் சுழன்றிருக்கிறது. நான் அதை அழுக்கு என்று சுரண்டி எடுத்திருக்கிறேன்.

மனைவி தகப்பனிடம் விஷயத்தைச் சொல்ல, மறுநாள் காலை நானும் மாமனாரும் மோட்டார் சைக்கிளில் சாகாமத்துக்குப் போனோம். அவருடைய வயல் அங்கேதான். ஹவுளின் பழைய மீன்களும் அந்த வயல் வாய்க்காலில் இருந்து வந்தவை என்று மோதினார் சொல்லியிருந்தார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வலை போட்டோம். வாய்க்கால் அடியில் கிடந்த பாசி படிந்த கற்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டேன். திரும்பும்போது மாமனார் பின்னால் இருந்து வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு குழிக்கும் தண்ணீர் துள்ளியது.

"பள்ளம் பாத்து ஓட்டுங்க மருமகன். சாரனெல்லாம் நனைஞ்சு போச்சு. காணுற ஆக்கள் வேற என்னவும் நினைப்பாங்க."

அந்தக் கிழமையில் அவர் என்னோடு கதைத்த முதல் கதை அது. நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

நோன்புக்கு முந்தின நாள் பரிசோதகர் வந்து நான்கு மூலையிலும் மொண்டார். கோப்பையில் வெறும் தண்ணீர். நான்காவது முறை ஒரு மீன் குஞ்சு.

"மீன் ஆர் போட்ட?"

"எங்கட மருமகன்தான்" என்றார் மாமனார். "விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்."

"எடுத்ததும் அவர்தான்" என்றார் மோதினார்.

இன்று மாமனார் இல்லை. ஹவுளைச் சுற்றிப் பைப்புகள் வரிசையாக வந்துவிட்டன. அவசரக்காரர்கள் அங்கே போகிறார்கள். நான் இன்னும் ஹவுள் ஓரத்தில்தான் குந்துகிறேன். கையை விட்டதும் அவை வந்து முட்டுகின்றன. சுவரில் பச்சை நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வேன். வாளியோடு யாராவது பக்கத்தில் வந்தால் எதற்கு வாளி என்று கேட்காமல் விடமாட்டேன்.

பரிசோதகர் போன அன்று பகல் சோற்றுக்கு உட்கார்ந்தோம். மாமி மீன் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மாமனார் அகப்பையை வாங்கி, தலையை எடுத்து என் கோப்பையில் வைத்தார். அது கடல் மீன்தானா என்று மட்டும் மாமியிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.