துரைக்கு அம்மை போட்ட வீடு

உப்புநீர் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலில் இருப்பவனுக்கு, வலது கைக்கு மட்டும் பத்து வயது கூடுதலாகத் தெரியும். முழங்கை வரை உப்பு ஏறித் தோல் வெளுத்திருக்கும். என் வீடு சிங்கப்பூருக்கு வடக்கே, குளுவாங்கில். ஆயர் ஈத்தாம், பண்டார் தெங்காரா என்று சுற்றி வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், தண்ணீர் மாற்றி, கண்ணாடி துடைத்து, பவளங்களைப் பார்த்துவிட்டு வருவேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் சொந்தத் தொட்டியில் செத்த மீன்களிடம் கற்றதுதான். வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரு நாள் காலையில் மீன்மேல் யாரோ உப்பைத் தூவிவிட்டதுபோல் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து நீங்களும் மருந்துக் கடைக்கு ஓடியிருப்பீர்கள்.

மூன்றே நாளில் சுகம்

ஆயர் ஈத்தாமில் ஆ செங் என்ற சீனர் பானைக் கடை வைத்திருக்கிறார். கடையில் வேலை செய்தவர்களிடம் கற்ற தமிழை என்னைக் கண்டால், இடையிடையே ஒரு 'லா' போட்டு, விடாமல் பேசுவார். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக் கூடத்தில் ஆறடித் தொட்டி. புது மீன் வாங்கினால் ஒரு மாதமாவது தனியாக வைத்துப் பாருங்கள் என்று நான் அவரிடம் சொல்லாத வாரமில்லை. அவரும் தலையாட்டாத வாரமில்லை. ஒரு சனிக்கிழமை மஞ்சள் மீன் ஒன்றை வாங்கி வந்து நேரே தொட்டியில் விட்டுவிட்டார். நான்காம் நாள் அதன் துடுப்பில் புள்ளிகள். நான் போவதற்குள் அவை மறைந்துவிட்டன. சுகமாகிவிட்டது என்று எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் புள்ளிதான் ஒட்டுண்ணி. வயிறு நிறைந்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக்கொண்டு, நூறாகப் பெருகி, மறுபடியும் மீனைத் தேடி வரும். புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இதையெல்லாம் சொன்னேன். அவர் மீனைக் காட்டி, "சாப்பிடுது பாருங்க அண்ணே" என்றார். அன்று மதியம் பண்டார் தெங்காராவில் எனக்கு வேலை இருந்தது. வாதாடாமல், மணலில் கிடந்த அழுக்கை வலையால் அள்ளி எடுத்து, வலையை வாளியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பத்து நாள் கழித்து அவர் தொட்டியில் புள்ளி இல்லாத மீனே இல்லை. ஆ செங் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சரியாச்சு, சரியாச்சுன்னு நான்தான் சொன்னேன் அண்ணே. மீனு ஒரு தடவையும் சொல்லல லா."

துரை

பண்டார் தெங்காராவில் லெட்சுமி அக்காவும் அவர் கணவர் கணபதி அண்ணனும் இருக்கிறார்கள். அண்ணன் பாமாயில் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொட்டி வாங்கியது மகள். அவள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய்விட்டாள்; தொட்டியும் ஐந்து மீன்களும் அம்மாவிடம் தங்கிவிட்டன. அதில் மூத்தது ஒரு நீல மீன். காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களைப் பார்த்துக்கொண்டே நடக்கும் தோட்டத் துரை மாதிரி, விளக்குப் போட்டதும் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சாப்பிட வரும். அதனால் அக்கா அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தார். ஏழு வருடமாக அவர் கையிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு.

"தம்பி, தொரைக்கு அம்மை போட்டிருக்கு" என்று அக்கா ஃபோன் செய்தார். போய்ப் பார்த்தேன். தொட்டியின் மேல்விளிம்பில் கயிறு கட்டி வரிசையாக வேப்பிலைக் கொத்துகள். நல்லவேளை, எதுவும் தண்ணீரில் படவில்லை. சமையலறையில் தாளிப்பையும் நிறுத்தியிருந்தார். மருந்து போடவேண்டும் என்றேன்.

"அம்மைக்கு மருந்து குடுக்கக் கூடாது. தானா எறங்கும்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அண்ணன், "எனக்கு அம்மை போட்டப்ப மட்டும் மறுநாளே கிளினிக்குக்குத் தள்ளிட்டுப் போன" என்றார்.

"நீங்க வீடே அதிர்ற மாதிரி முனகுனீங்க. தொரை வாயத் தொறக்கல."

கடைசியில் துரை மூச்சு வாங்குவதைப் பார்த்து அவரே இறங்கி வந்தார். மருந்துக்குச் சம்மதித்துவிட்டு, வேப்பிலையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"புது மீனு வாங்கி ரெண்டு வருசமாச்சு. வெளியிலருந்து ஒன்னும் உள்ள வரல. அப்ப அம்மை எங்கிருந்து தம்பி வந்துச்சு?"

துரையைப் பிடித்தது

முதலில் மீன்களைக் காப்பாற்றுவோம் என்று சொல்லி அந்தக் கேள்வியைத் தாண்டி வந்துவிட்டேன். இந்த ஒட்டுண்ணியைக் கொல்லச் செம்பு மருந்து உண்டு. ஆனால் அது பவளத்தையும் நத்தையையும் இறாலையும் சேர்த்துக் கொல்லும். எனவே மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றக்கூடாது. மீன்களையெல்லாம் வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்றுக்கு மாற்றி, ஒளிந்துகொள்ளக் குழாய்த் துண்டுகள் போட்டு, அங்கே வைத்தியம் பார்க்கவேண்டும். பெரிய தொட்டி பதினோரு வாரம் ஒரு மீன்கூட இல்லாமல் கிடக்கவேண்டும். கூட்டிலிருந்து வெளியே வரும் ஒட்டுண்ணிக்கு மீன் கிடைக்காவிட்டால் பட்டினியில் சாகும். வேறு வழியில்லை.

நான்கு மீன்கள் வலைக்கு வந்துவிட்டன. துரை கல்லிடுக்கில் போய் முள்ளை விரித்துச் செருகிக்கொண்டார். ஒரு மணி நேரம் என் தலை தொட்டிக்குள்ளேயே இருந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து இடது பக்கம், வலது பக்கம் என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என்னை ஒதுங்கச் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, அதற்குள் கடல்பாசித் துண்டை வைத்து, "தொரை, சாப்பாடு" என்றார். துரை வெளியே வந்து, நேரே டப்பாவுக்குள் நுழைந்தார்.

அண்ணன் பேப்பரை மடித்தார். "முப்பத்தெட்டு வருசமா அந்தக் குரலுக்கு நானும் இப்படித்தான் வந்து மாட்டிக்கிறேன்."

ஒரே வலை

நான்காம் நாள் ஒரு சின்ன மீன் செத்துப் போனது. துரை அதுவரை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்து செவுளை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். நீல மீன்களுக்குச் செம்பு ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. மருந்தைக் குறைத்தால் நோய் கொல்லும். அண்ணன் பின்வாசல் வெளிச்சத்தில் கண்ணாடிக் குப்பியில் எடுத்த தொட்டித் தண்ணீரைத் தூக்கிப் பிடித்து, அதன் நிறத்தை வைத்து மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கடல்பாசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எங்கிருந்து வந்துச்சுன்னு நீ இன்னும் சொல்லலியே" என்றார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். மீன் சாவை யாரும் விசாரிப்பதில்லை. "வெளியிலிருந்து வந்தது நான்தான் அக்கா. என் வலை" என்றேன்.

என் மனைவி மரகதம் இருந்தவரை ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வலை. மாறிப் போகாமலிருக்க, தைத்து மிஞ்சிய ரவிக்கைத் துணியைக் கிழித்துப் பிடியில் கட்டி வைத்திருந்தாள். ஆ செங்குக்குச் சிவப்பு, இந்த வீட்டுக்குப் பச்சை. நான் வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் கழுவித் துணிக்கொடியில் வெயிலில் காயப்போடுவாள். ஒட்டுண்ணி பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. "ஒரு வீட்டுச் சீப்பை இன்னொரு வீட்டுல கொண்டுபோய் வைப்பீங்களா?" என்பாள். அவள் போன பிறகு வலைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. நான் ஒரு வலை வாங்கி வாளியில் போட்டுக்கொண்டேன். எல்லா வீட்டுக்கும் அது ஒன்றுதான், ஈரத்தோடு. ஆ செங் வீட்டு மணலை அள்ளிய அதே வலையை அன்று மதியம் துரை தொட்டியில் விட்டேன்.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லி முடித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. கடல்பாசியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து எடுத்தார். பிறகு சொன்னார்.

"மரகதம் இருந்திருந்தா அந்த வலையோட உன்னை வேன்ல ஏறவே விட்டிருக்காது. நீ வர்றதுன்னா வா. இனிமே இந்த வீட்டு வலை இங்கயேதான் கெடக்கணும்."

வெளியாள்

அடுத்த நாள் காலை துரை ஒரு துண்டுப் பாசியைக் கடித்தார். அக்கா ஃபோனில் சொன்னது அந்த ஒன்றை மட்டும்தான்.

பிறகு காத்திருத்தல். மீனில்லாத தொட்டியைப் பதினோரு வாரம் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். என் வாடிக்கையாளர்களில் அதுவரை யாரும் தாங்கியதில்லை. ஆ செங்கும் தொட்டியைக் காலியாகத்தான் போட்டார். ஆறாம் வாரம், "ஒன்னே ஒன்னு அண்ணே, சின்னது" என்று ஒரு மீனை விட்டுவிட்டார். எட்டாம் வாரம் அதற்கும் புள்ளி. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

லெட்சுமி அக்காவுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மை போட்ட வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும். வேப்பிலை காயக் காய மாற்றினார். யாரையும் தொட்டியில் கை வைக்க விடவில்லை. ஒன்பதாம் வாரம் மகளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரிலிருந்து வந்தார்கள். அத்தை வெறும் தொட்டியைப் பார்த்து வருத்தப்படுவாரே என்று, மாப்பிள்ளை வரும் வழியில் கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கி, பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தார். நல்ல மனிதர், நல்ல வேலையில் இருப்பவர். நான் அப்போது வேனை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே கேட் வரை வந்தவரை அக்கா அங்கேயே நிறுத்தினார்.

"நீங்க உள்ள வாங்க மாப்பிள்ளை. அது வெளியிலயே நிக்கட்டும்."

தலைக்குத் தண்ணீர்

அந்த ஜோடியை என் வீட்டுத் தனித் தொட்டிக்குக் கொண்டுபோனேன். பதினோரு வாரம் முடிந்த அன்று துரையையும் மற்ற மூன்று மீன்களையும் பெரிய தொட்டிக்கு மாற்றப் போனேன். துரை இளைத்திருந்தார், புள்ளி ஒன்றும் இல்லை. அக்கா காலையிலேயே தலைமுழுகிவிட்டுக் காத்திருந்தார். கையில் ஒரு சொம்பு. அதில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர். அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்கு ஊற்றும் தண்ணீர். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அக்கா, தொட்டியில அதை ஊத்திடாதீங்க."

"எனக்கென்ன கிறுக்கா? கைய நீட்டு."

வாசல் குழாயடியில் என் இரண்டு கைகளிலும் முழங்கை வரை மெதுவாக ஊற்றினார். மிச்சத்தைத் தலையில் தெளித்தார். அண்ணன் துண்டோடு நின்றார்.

"அம்மை தொரைக்கு வந்துச்சு, கொண்டாந்தது நீ. தண்ணி உனக்குத்தான்."

மஞ்சள் போக நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். சமையலறைச் சுவரில் அண்ணன் அடித்த ஆணியில் அந்த வீட்டு வலை காய்ந்து தொங்கியது. அதன் பிடியில் அக்கா பச்சைத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார். துரை தொட்டியில் இறங்கியதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிறகு சாப்பிட வந்தார்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ வீடுகளில் மீனுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்; வைத்தியம் யாருக்குத் தேவை என்று சரியாகக் கண்டுபிடித்த வீடு அது ஒன்றுதான்.