ஊரில் இல்லாத ஏரி

"சுருள் திரும்பி வந்துடுச்சா, அண்ணே?" என்று கேட்டேன்.

எங்கள் சத்திரத்தில் தங்கியிருந்த கெங் பதினொன்று நனைந்த செருப்பைக் கழற்றிக்கொண்டே தலையாட்டினார்.

"ஆளுநர் படிச்சாராமா?"

"படிச்சாராம். விழுந்து விழுந்து சிரிச்சாராம்."

அடுப்படியில் எள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். "சிரிச்சா நல்லதுதானேப்பா! அழ வைக்கவா எழுதினே?"

கெங் சுருளை என்னிடம் நீட்டினார். வாசித்தேன்.

"அண்ணே, ஆளுநரோட கருணை இந்த ஊர் ஏரி மாதிரின்னு எழுதியிருக்கீங்க. சியாங்யாங்ல ஏது ஏரி? ஆறுதானே ஓடுது?"

"போன ஊர்ல ஏரி இருந்துச்சு," என்றார்.

அப்பா சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கெங் மலை சூழ்ந்த ஷூ நாட்டுக்காரர். பங்காளிப் பிள்ளைகளில் பதினோராவதாகப் பிறந்ததால் அதுவே கூப்பிடும் பெயர். பத்தொன்பது வயதில் படகேறியவர், எட்டு ஆண்டுகளில் ஒன்பது அதிகாரிகளின் வாசலில் நின்றுவிட்டார். பாட்டுச் சுருள் பிடித்துப்போனால் அதிகாரி கடிதம் கொடுப்பார். கடிதம் இருந்தால்தான் தலைநகரில் தேர்வு எழுதலாம். ஒரே புகழ்ப்பாட்டை ஊருக்கு ஊர் மலையையும் நீரையும் மாற்றி எழுதிக் கொடுத்துவந்தார். இந்த முறை அலுப்பில் ஓரிடத்தை மாற்ற மறந்துவிட்டார். இதுதான் கடைசி ஊர் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தார். தேர்வுக்குப் பெயர் பதியும் இலையுதிர் காலத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

மறுநாளே படகுத்துறையில் கூப்பிட்டார்கள்: "ஏரிக் கவிஞரே, மீன் மாட்டுச்சா?" ஒருமுறை புன்னகைத்தார். அதன்பின் பின்சந்து வழியாகத்தான் போனார்.

எங்கள் சத்திரத்தில் விருந்தாளிகள் பாட்டெழுதும் சுவர் ஒன்று உண்டு. வந்த வாரத்தில் அதில் அவர் நாலு வரி எழுதியிருந்தார். குதிகால் தேய்ந்த செருப்பைப் பற்றியது, யாரையும் புகழவில்லை. பெருக்கும்போதெல்லாம் அதைப் படிப்பேன். மேற்கிலிருந்து வந்து குடியேறிய எங்கள் குடும்பத்து மொழியை அப்பாவிடமும், இந்த ஊர் எழுத்தைப் பக்கத்து மடத்துப் பிக்குணியிடமும் கற்றவள் நான். இருந்தும் அது நன்றாக இருக்கிறது என்று சொல்ல எந்த மொழியிலும் வாய் வரவில்லை. கடைசியில் சுவரைக் காட்டி அவரிடம் சொன்னேன்:

"இதையே அனுப்பியிருக்கலாம்."

"செருப்பையா? ஆளுநருக்கா?" வந்த நாளிலிருந்து அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலை மூட்டை கட்டினார்.

"அடுத்த ஊர்ல ஏரியா, ஆறா?" என்றார் அப்பா.

"போய்த்தான் பாக்கணும், மாமா."

வாசல் வரை போனவர் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அந்த நாலு வரியை விட்டுடும்மா. கீழ இருக்கிற என் பேரை மட்டும் மூடிடு. பேரைப் பாத்தா சிரிச்சுட்டுப் படிக்காமப் போயிடுவாங்க."