நாற்பத்தொரு பின்வாசல்

நெய்னாபட்டினத்து வீடுகளுக்கு முகம் இரண்டு. முன்வாசல் ஆண்கள் நடக்கும் தெருவைப் பார்த்திருக்கும். பின்வாசல் முடுக்கைப் பார்த்திருக்கும். பேருந்து நிற்கும் திடலருகே தொடங்கி, இரண்டு வரிசை வீடுகளின் கொல்லைச் சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து கடற்கரையில் போய் முடியும் அந்த ஒடுங்கிய நடை பெண்களுக்கு உரியது. எதிரெதிராகக் குடத்துடன் வரும் இருவர் சற்றே ஒருக்களித்தால்தான் ஒருவரையொருவர் கடக்க முடியும். ஒருக்களிக்கும் அந்த நொடியிலேயே ஊர்ச்செய்தி பாதி கைமாறிவிடும்.

கிணறு தூர்வாரவோ ஓடு மாற்றவோ ஓர் ஆண் முடுக்குக்குள் வர நேர்ந்தால், அவன் முடுக்கின் முனையில் நின்று, “ஆள் வருது!” என்று மூன்று முறை குரல் கொடுப்பான். குரல் அடங்கியபின் சற்று நேரம் காத்திருந்து, தரையைப் பார்த்தபடி நடப்பான். அதற்குள் முடுக்கில் ஒரு வளையல் ஓசைகூட மிச்சம் இராது. இந்த வழக்கத்தை எவரும் எழுதி வைத்ததில்லை. எவரும் மீறியதும் இல்லை.

குல்சும் பீவி இந்த முடுக்கில்தான் பிழைத்தாள். அவள் கணவர் கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் அங்கேயே காய்ச்சலில் மறைந்தார். பெட்டியோடு வந்து சேர்ந்த துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அவள் முடுக்கில் இறங்கினாள். கடைவீதிக்குப் போகாத பெண்களுக்குக் கடைவீதியே நடந்து வந்தது போலாயிற்று. சுங்குடியா, வாயிலா, பெருநாளுக்குப் பிள்ளைக்குச் சட்டைத்துணியா, எல்லாம் அவள் மூட்டையில் இருக்கும். ஒரு வாசலில் மூட்டையை அவிழ்த்தால் ஏழு வாசல் பெண்கள் கூடிவிடுவார்கள். வாங்குவது ஒருத்தி, தொட்டுப் பார்ப்பது அத்தனை பேரும். எல்லாருக்கும் அவள் லாத்தா, அக்கா.

“குல்சும் லாத்தா, இந்தச் செவப்பு சாயம் போகுமா?”

“போகும்டி. நீ துவைச்சாப் போகும். போன வருசம் வாங்குனதையே நீ இன்னும் துவைக்கலயே!”

சிரிப்பு சுவருக்குச் சுவர் தாவிக் கடற்கரை வரை போகும். மாலைக் காற்று வரும் வேளையில் முடுக்கில் நடந்த ஒரு நடை, பின்னாளில் வெளியூர்களில் வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கு முதுமை வரை நினைவில் மணத்தது என்பார்கள்.

ஐம்பத்தெட்டில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அதற்குள் ஊர் மேற்கே பரவியிருந்தது. திடலுக்கு அப்பால் புதிய ஓட்டு வீடுகள், ரேஷன் கடை, மர வாடி என்று வரிசையாக எழுந்தன. கரையிலிருந்து கருவாடும் உப்பும் ஏற்றிவரும் லாரிகள் ஊரைச் சுற்றி மணலில் புதைந்து வரவேண்டியிருந்தது. போட்டியிட்ட ஹாஜா முகைதீன் மரைக்காயர், “திடலிலிருந்து கரைக்கு நேர் ரோடு” என்று வாக்குக் கொடுத்தார். அவருக்காக நாற்பத்தொரு பின்வாசலிலும் ஓட்டுக் கேட்டவள் குல்சும் பீவி. பெண்கள் அவள் சொல்லுக்காகவே ஓட்டுப் போட்டார்கள். மரைக்காயர் பிரசிடெண்டு ஆனார்.

மறு ஆண்டு பஞ்சாயத்து வரைந்த வரைபடத்தில் அந்த நேர் ரோடு முடுக்கின்மேல் கிடந்தது. இரு பக்கமும் கொல்லையில் சில முழம் எடுத்து, வளைவுகளை நிமிர்த்திவிட்டால் லாரி போகும். பின்வாசல்களைக் கடைகளாக மாற்றிக்கொள்ளலாம் என்று கொழும்பிலிருந்த கணவன்மார்கள் கடிதத்திலேயே சம்மதம் எழுதிவிட்டார்கள். பெண்களை எவரும் கேட்கவில்லை.

செய்தியை முதலில் சொன்னவள் பிரசிடெண்டின் மனைவி சாலிஹா. சொல்லிவிட்டு, “ஒன்னய நம்பித்தானே லாத்தா நாங்க ஓட்டுப் போட்டோம்?” என்று ஒரு சொல் சேர்த்தாள். குல்சும் பீவிக்கு அன்று மூட்டை கனத்தது. தன் பிழைப்புப் போவது ஒருபுறம். தன் வாயால் கேட்டு வாங்கிய ஓட்டே இந்தப் பெண்களின் நடையை அடைக்கப்போகிறது என்பது மறுபுறம்.

அன்றைக்கே சாலிஹாவின் வீட்டுக்குள் கதவு மறைவில் நின்று, அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று அழைத்துப் பிரசிடெண்டிடம் கேட்டாள்.

“ஹாஜா காக்கா, நேர் ரோடு நேர் ரோடுன்னீகளே, அது எங்க முதுகு மேலயா போகுது?”

“நான் என்னம்மா செய்ய? கிளார்க்கு வேதமுத்து மூணு தடவ போய்ப் பாத்திருக்காரு. மூணு தடவயும் ஒரு ஈ காக்கா இல்லயாம். ‘ஆள் நடமாட்டமற்ற காலி இடம்’னு ரிஜிஸ்தர்ல எழுதிட்டாரு.”

“குரல் கொடுத்துட்டுத்தானே உள்ள வந்தாரு?”

“பின்னே? தங்கச்சிமடத்து மனுசன்னாலும் நம்ம ஊர் மரியாதை தெரிஞ்சவரு.”

“குரல் கேட்டா நாங்க உள்ள போயிருவோம். நாங்க உள்ள போனாக் காலி. சரி காக்கா, தொழுகை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் ஒருத்தர் பள்ளிவாசலை எட்டிப் பாத்தா, அதையும் காலி இடம்னு எழுதிருவாரா?”

உள்ளே சாலிஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிரசிடெண்டு தொண்டையைக் கனைத்தார்.

“சனிக்கிழமை மேலிடத்துலருந்து ஓவர்சீயர் வாராரு. அவர் பாத்துச் சொல்றதுதான் முடிவு. என்னய ஏன் போட்டு வறுக்குற?”

அந்த வாரம் முழுவதும் முடுக்கில் அதே பேச்சு. சனிக்கிழமை உள்ளே போகாமல் எல்லாரும் வெளியில் நின்றுவிடலாம் என்றாள் பிரசிடெண்டின் மகள் மஜீதா. அவளுக்கு நான்கு மாதக் கைக்குழந்தை. பலரும் ஆமாம் என்றார்கள். குல்சும் பீவி ஒப்பவில்லை.

“அன்னைக்கு ஒரு நா நின்னுட்டா, மறுநா அவுக ஏன் குரல் கொடுக்கணும்? கேக்குறவுகளுக்கு நாம என்ன சொல்ல? ரோடு போகாமலே முடுக்கு போயிரும்.”

“பின்ன எப்படித்தான் லாத்தா காட்டுறது?”

“நாம உள்ள போவோம். ஆனா எதையும் எடுத்துட்டுப் போகாம போவோம்.”

சனிக்கிழமை முற்பகல், திடல் பக்கமிருந்து வேதமுத்துவின் குரல் மூன்று முறை எழுந்தது. பெண்கள் உள்ளே மறைந்தார்கள். நாற்பத்தொரு கதவும் திறந்தே இருந்தன. திரைகள் மட்டும் இறங்கின. குல்சும் பீவி நடு முடுக்கில், சாலிஹாவின் வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள். அருகில் மஜீதாவும் சாலிஹாவும்.

ஓவர்சீயர் வேல்சாமி ராமநாதபுரத்துக்காரர்; குடையை ஊன்றி நிதானமாக நடப்பவர். அவர் பின்னே பிரசிடெண்டும், ரிஜிஸ்தருடன் வேதமுத்துவும் வந்தார்கள். முதல் வாசலில் பாதி தொடுத்த மல்லிகைச் சரம் கிடந்தது. அடுத்த வாசலில் முறத்தில் பாதி புடைத்த அரிசி. ஒரு கல்லின்மேல் ஆவி பறக்கும் காப்பி டம்ளர்கள் மூன்று. பல்லாங்குழிக் கட்டையில் சோழிகள் ஆட்டத்தின் நடுவே நின்றிருந்தன. எதிரெதிர் வீடுகளுக்கு இடையே, யாரோ யாருக்கோ கொடுக்கவந்து வைத்துவிட்டுப்போன வட்டிலப்ப இனிப்புக் கிண்ணம். ஓவர்சீயரின் குடை ஓசை மெதுவாகிக்கொண்டே வந்தது.

“கிளார்க், நீங்க வந்தப்ப இதெல்லாம் இல்லையா?”

“ஐயா, நான் தரையத்தான் பாத்தேன். கதவுங்களும் சாத்திக் கெடந்துச்சு.”

அப்போதுதான் எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. காற்றுக்காக முடுக்கின் குறுக்குச் சட்டத்தில் கட்டியிருந்த தூளியிலிருந்து குழந்தை வீறிட்டது. குரல் கேட்ட அவசரத்தில் மஜீதா அதை எடுக்க மறந்து உள்ளே ஓடிவந்திருந்தாள்.

“லாத்தா, பிள்ளை!” என்று அவள் திரையைப் பற்றினாள். குல்சும் பீவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இவள் வெளியே போனால் இத்தனை நாள் காத்தது போயிற்று. போகாவிட்டால் குழந்தை மூச்சடைக்க அழுகிறது. பிடித்த கைக்குள் மஜீதாவின் நாடி துடித்தது. மூன்றாவது வீறலில் குல்சும் பீவி கையை விட்டாள்.

“போடி. முடுக்கு கெடக்கட்டும். பிள்ளையத் தூக்கு.”

மஜீதா திரையை விலக்குமுன் வெளியே கயிறு கிறீச்சிட்டது. திரை இடுக்கில் பார்த்தார்கள். வேட்டியை ஒரு கையால் இடுக்கிக்கொண்டு, மறு கையால் பிரசிடெண்டு தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். “அழாதம்மா, அப்பா இருக்கேன்ல, அப்பா இருக்கேன்” என்று அவர் முனகியது சாலிஹாவுக்கும் கேட்டது. தாத்தாவை ‘அப்பா’ என்பது அந்த ஊர் வழக்கம்.

“யார் பிள்ளைங்க இது?” என்றார் ஓவர்சீயர்.

“எம் பேத்தி.”

“பிரசிடெண்டு, காலி இடத்துலயா பேத்திக்குத் தூளி கட்டியிருக்கீக?”

ஆட்டுவதை நிறுத்தினால் குழந்தை அழுதது. அதனால் பிரசிடெண்டு ஆட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, “நான் பொறந்து வளந்த ஊரு. எம் பின்வாசலை இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றார்.

ஓவர்சீயர் திரைகளைப் பொதுவாகப் பார்த்துக் குரல் கொடுத்தார். “உள்ள யாரும் பதில் சொல்வீகளாம்மா? இந்த நடையில எத்தனை வாசல் தெறக்குது?”

“நாப்பத்தொண்ணு” என்றாள் குல்சும் பீவி திரைக்குள்ளிருந்து.

“அப்ப இது காலி இடம் இல்ல, தெரு. ரோட்டை வடக்கால உப்பளத்து ஓரமாத் திருப்பச் சொல்லி எழுதுறேன். தெருன்னா ஒரு பேரு வேணுமே, என்ன பேரு போட?”

“பேரு வேண்டாங்க.”

“ஏம்மா?”

“பேரு வச்சாப் பலகை வைப்பீக. பலகை வச்சா விளக்குக் கம்பம் நடுவீக. விளக்கு ஏத்த தெனமும் ஒரு ஆம்பளை வருவான். எங்களுக்கு நெலா போதும்.”

ஓவர்சீயர் சிரித்துவிட்டார். வேதமுத்து கல்லின்மேல் ரிஜிஸ்தரை வைத்து, பழைய வரியை அடித்துவிட்டு, “நாற்பத்தொரு வாசல்கள் உள்ள பெண்கள் நடை, பெயர் இல்லை” என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்காக ரிஜிஸ்தர் திரைக்கடியில் உள்ளே போயிற்று. குல்சும் பீவிக்குத் தமிழை அரபு எழுத்தில்தான் எழுதத் தெரியும். பெயரை நிதானமாக எழுதி வெளியே தள்ளினாள். வேதமுத்து அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“எந்தப் பக்கத்துலருந்து படிக்கிறதும்மா?”

“வலப் பக்கத்துலருந்து. சீக்கிரம் மூடிராதீக, மை காயல.”

“அவுகளைப் போகச் சொல்லு லாத்தா. எனக்குப் பால் கட்டுது” என்று மஜீதா காதோரம் கெஞ்சினாள்.

ஆண்கள் மூவரும் கரைப் பக்கம் நடந்தார்கள். அவர்கள் கடைசி வளைவு திரும்பும் வரைகூட மஜீதா பொறுக்கவில்லை. ஓடிப்போய்க் குழந்தையை அள்ளினாள். அவள் பின்னால் ஒவ்வொரு திரையாக விலகியது. குல்சும் பீவி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது முடுக்கில் கால் வைக்க இடமில்லை.