அப்பாவின் கோட்டுப் பையில் இருந்த முட்டை

அப்பா ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இறந்துபோனார். அண்ணன் மனைவியோடும் குழந்தையோடும் பிரான்சிலிருந்து கிளம்பி, சனிக்கிழமை காலை முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அடக்கம் அன்று சாயங்காலமே என்று முடிவானது. மறுநாள் ஞாயிறு, அடக்கப் பூசை வைக்க முடியாது என்று மாதா கோயிலில் சொல்லிவிட்டார்கள். திங்கள் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்க அண்ணனுக்கு மனசில்லை.

அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் எங்களோடே இருந்துவிட்டவர். அம்மா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியது அவர்தான்.

"சனிப் பொணம் தனியாப் போவாதுடா. ஒரு வருசத்துக்குள்ள இந்தக் குடும்பத்துல இன்னொரு ஆளத் தொணைக்குக் கூட்டிக்கும். திங்கக்கெழம வெச்சிக்கலாம். இல்லன்னா பொட்டியோட ஒரு கோழிக்குஞ்சாவது அனுப்பணும்."

"கோயில் சாமியார் பொட்டிய மந்திரிக்கும்போது நான் கோழியப் புடிச்சிக்கிட்டு நிக்கணுமா அத்தை? ஊரே சிரிக்கும்," என்றான் அண்ணன்.

எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு நாள் தவறாமல் ஜெபமாலை சொல்கிற மனுஷி கோழிக்குஞ்சு கேட்கிறார்! எனக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அளந்து பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விடமாட்டேன். சாவு மட்டும் கிழமை பார்த்து ஆள் பிடிக்குமா என்று அத்தையிடம் கேட்டேன். அவர் அடுக்களைக்குள் போய்விட்டார். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்த ஊர் பாஷையில் சொல்தா. கோட்டு போட்டு, மெடல் குத்தி, பெட்டியில் படுக்க வைத்திருந்தோம். மூடுவதற்கு முன் மெடலை நேராக்கக் குனிந்தபோது கோட்டுப் பை புடைத்திருப்பதைப் பார்த்தேன். கையை விட்டால், கைக்குட்டையில் சுற்றிய ஒரு கோழிமுட்டை. குஞ்சு கிடைக்காததால் முட்டை.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்த மனுஷனை முட்டையோடு புதைப்பதா? யாரும் பார்க்காமல் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆணி அடிக்கும்போது அத்தை அழுதாலும் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. அதையும் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பியதும் அந்த முட்டையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பாவோடு இருந்ததைக் குப்பையில் போடக் கை வரவில்லை. வேறெதுவும் தோன்றாமல் பிரிஜ்ஜைத் திறந்து மற்ற முட்டைகளோடு வைத்தேன். ஐந்து இருந்தது, ஆறானது. அலுப்பில் அப்படியே படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்து வந்தபோது அண்ணனின் ஏழு வயது மகள் ஆம்லெட் தின்றுகொண்டிருந்தாள். "சொந்தக்காரங்க குடுத்த இட்லி குழந்தைக்கு எறங்கல. ரெண்டு முட்ட ஒடச்சி ஊத்திக் குடுத்தேன்," என்றார் அத்தை. பிரிஜ்ஜில் நான்கு மிச்சமிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை. எது அப்பாவோடது? குழந்தை தின்றது அதுவாக இருந்தால்? ஆயிரக்கணக்கில் சாமான் பார்த்துத் தள்ளுகிறவளுக்கு ஒரு முட்டையை அடையாளம் தெரியவில்லை. நான்கையும் கொண்டுபோய் வாய்க்காலில் போட்டேன். வெறும் முட்டைக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அண்ணன் குடும்பம் பிரான்சுக்குத் திரும்பிப் போனது. அதிலிருந்து வெளிநாட்டு நம்பரில் போன் அடித்தாலே, குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எடுப்பேன். அத்தையோ நன்றாக இருந்தார். செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்கிற நிம்மதி அவருக்கு. மார்க்கெட்டுக்குப் போனார், மீன்காரியிடம் பேரம் பேசினார், சீரியல் பார்த்துச் சிரித்தார். நம்பியவர் தூங்கினார், நம்பாத நான் மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா உட்காரும் நாற்காலியைத் தாண்டும்போதெல்லாம், அவர் இன்னும் கிளம்பவில்லை, துணைக்கு ஆள் வரட்டுமென்று காத்திருக்கிறார் என்று தோன்றும்.

எட்டாவது மாதம் அண்ணன் கூப்பிட்டான். குழந்தைக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். ரத்தத்தில் ஏதோ சரியில்லை, எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும், முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றான்.

போனை வைத்துவிட்டு நேரே கொல்லைப்பக்கம் போனேன். அத்தை குழாயடியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காய்ச்சல், கோட்டுப் பை, பிரிஜ்ஜு, ஆம்லெட். அவர் அடித்தாலும் பரவாயில்லை, இந்தப் பாரத்தை இறக்கினால் போதும் என்று இருந்தது எனக்கு.

அத்தை திட்டவில்லை. கையில் இருந்த மீனை ஆய்ந்து முடித்துச் சட்டியில் போட்டார்.

"நீ எடுத்துட்டியா," என்றார். பிறகு, "குழந்த என்னாடி பண்ணுவா பாவம். எங்க அண்ணனுக்குத் தொணதான வேணும், நான் போறேன்," என்றார்.

"அத்தை, பைத்தியம் மாதிரிப் பேசாதீங்க."

"சும்மா இரு. மாதாகிட்ட சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து அவர் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. டிவி போடவில்லை. கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். நல்ல புடவைகளைப் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்தார். ஒருவேளைச் சாப்பாடு போதும் என்றார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வயசுக்கு நன்றாகவே இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார். அங்கும் அத்தை மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

பத்தாவது நாள் அண்ணன் கூப்பிட்டான். பயப்பட ஒன்றுமில்லை, ஏதோ கிருமி, மருந்திலேயே போய்விடும் என்று சொல்லி அழுதான். நான் துள்ளிக் குதித்து ஓடினேன். எல்லாம் வீண் பயம் என்று இப்போதாவது அத்தைக்குப் புரியும், மறுபடி மீன் வாங்கப் போவார் என்று நினைத்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்ததில்லை.

அத்தை கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாத்தியா, மாதா ஒத்துக்கிட்டாங்க," என்றார். அந்தச் சந்தோஷம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வேலை கிடைத்த அன்று நான்கூட அப்படிச் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் பேசிப் பிரயோஜனம் இருக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு, வயசானவர்களுக்கு வருவதுதான் என்றார்கள்.

தலைமாட்டில் உட்கார்ந்து நெஞ்சு வெடிக்க அழுதேன். அழுகைக்கு நடுவில், அப்பாவுக்குத் துணை கிடைத்துவிட்டது, இனி குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று மனசு தானாகச் சொன்னது. அத்தனை மாதமாக என்னைப் பிடித்திருந்த பயம் அந்த நிமிஷமே விட்டுப்போனது. அத்தையின் கை என் கைக்குள் இன்னும் முழுசாகக் குளிரக்கூட இல்லை, எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.