அரைப்பேர் விழுந்த மூன்று நாள்

கலியாணம் முடிந்து வலப்பனைப் பக்கம் போகவேண்டியிருந்ததால் வட்டவளைத் தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டேன். ஏழு வருஷம் கொழுந்து பறித்தவள். கடைசிச் சம்பளத்தோடு அந்த வருஷத்து லீவுக் காசும் வந்தால் புகுந்த வீட்டில் வெறுங்கையோடு நிற்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன்.

ஆபிஸ் ஜன்னலுக்குள் இருந்த கிளாக்கர் எங்கள் வேலை நாளைப் பதியும் செக்ரோலைப் புரட்டிவிட்டு, லீவுக் காசு கிடையாது, மூன்று நாள் குறைகிறது என்றார். காய்ச்சல் என்றுகூட நான் லயத்தில் படுத்ததில்லை என்றேன். விரலால் தொட்டுக் காட்டினார். அடைமழை மாதத்தில் மூன்று அரைப்பேர். கொழுந்து நிறை குறைந்தால் பாதி நாள்தான் பதிவார்கள். லீவுக் கணக்கில் அது நாளே இல்லையாம். அவர் மட்டும் போன வாரம்தான் முழுச் சம்பளத்தோடு லீவு கழித்துவிட்டு வந்திருந்தார்.

அந்த மூன்று நாளும் எனக்கு நன்றாகத் தெரியும். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். மழையில் மேடேற முடியவில்லை. முழுப்பேர் குறைந்தால் அவளுக்குப் பிள்ளைப்பேற்றுக் காசு போய்விடும். நிறுவைக்கு முன்னால் என் கூடையிலிருந்து அள்ளி அவள் கூடையில் போட்டேன். எங்கள் மலையில் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். கங்காணிக்கும் தெரியும். அரைப்பேர் லீவையும் தின்றுவிடும் என்று மட்டும் கங்காணியோ கிளாக்கரோ ஒருவரும் வாய் திறந்ததில்லை. சொல்லாமல் இருப்பதற்குத்தான் இவர்களுக்கெல்லாம் சம்பளம். கொழுந்தை இன்னொருத்தி கூடையில் போட்டதால்தான் நிறை குறைந்தது என்று மட்டும் கிளாக்கரிடம் சொன்னேன்.

"யாரு கூடையில போட்டேன்னு சொல்லு புள்ள, கணக்க சரி பண்ணிருவோம்" என்றார் கிளாக்கர். சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன்.

எனக்குப் பின்னால் சம்பள வரிசையில் நிறைவயிற்றோடு நின்ற அக்கா முன்னே வந்தாள்.

"ஏங் கூடையிலதாங்க ஐயா. அவ லீவுக் காச குடுத்துருங்க."

அவர் அவளுடைய பக்கத்தைத் திருப்பி மூன்று முழுப்பேரையும் பேனாவால் அரையாக்கினார். பிள்ளைப்பேற்றுக் காசுக்கு இனி நாள் போதாது என்றார். என் கணக்கு என்னாச்சு என்று கேட்டேன்.

"நீ பேர் வெட்டியாச்சு. முடிஞ்ச கணக்குல கை வைக்க முடியாது."

உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. அந்த மனுஷனை மன்னிக்க எனக்கு மனசில்லை.

தோட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் பத்துச்சீட்டை அதே பேனாவால் எழுதி, பெரிய மனசோடு எனக்கு வாசித்தும் காட்டினார். நடத்தை நன்று என்று போட்டிருந்தார். அதைக் கையில் வாங்கியபோது என்னால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.