மயக்கம் அக்காவின் சக்களத்தி

அவருடைய வேலை மயங்கிக் கிடப்பது. முதலுதவி கற்றுத் தரும் பயிற்சி நிலையமொன்றில், நீல ரப்பர் விரிப்பின் மேல், காலையிலிருந்து மதியம் வரை. சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொருவராக வந்து அவரைக் காப்பாற்றிப் பழகிக்கொள்வார்கள். எல்லோரும் அவரை 'மயக்கம் அக்கா' என்றே கூப்பிட்டார்கள்.

இதற்கு முன் அவர் மின்சார அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் சொல்லும் தொலைபேசியில் இருந்தவர். அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்தான் மயங்கி விழ வேண்டும் என்பது குடும்பத்தார் கருத்து. அப்படிப்பட்டவருக்கு வாயைத் திறக்காமல் இருப்பதற்கென்றே ஒரு வேலை அமைந்தது. அதில் அவர் கெட்டிக்காரர் என்றும் தெரியவந்தது.

தையல் எந்திரங்களுக்குப் பழுது பார்க்கும் கணவருக்கு மட்டும் இதில் ஒரு மனத்தாங்கல்.

"அங்க அவ்வளவு நேரம் வாய மூடிக்கிட்டு கிடக்குறியாமே. அதுல கொஞ்சத்த வீட்டுக்கும் கொண்டு வரக்கூடாதா?"

"வீட்டுல மயங்குனா யாரு எழுப்புறது? நீங்க என்னத் தாண்டிப் போயி, 'காபி எங்க'ன்னு கேப்பீங்க."

கணவர் மறுக்கவில்லை. தாண்டித்தான் போவார்.

பயிற்சி நிலையத்தில் யாரும் தாண்டிப் போவதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் மண்டியிட்டு, தோளைத் தட்டி, "அக்கா, நான் பேசுறது கேக்குதா?" என்று கேட்பார். பிறகு தன் கன்னத்தை அக்காவின் மூக்கருகே கொண்டுபோய் மூச்சு வருகிறதா என்று காத்திருப்பார். வந்தால் பக்கவாட்டில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; வராவிட்டால் நெஞ்சை அமுக்க வேண்டும். அமுக்குவதை மட்டும் ஒரு பழைய தலையணையில் பழகினார்கள். அக்காவுக்குப் பிடித்தது அந்தக் காத்திருப்புதான். தான் உயிரோடு இருக்க வேண்டுமே என்று ஊரார் இப்படிப் பதறுவது அவர் வாழ்க்கையில் அதுவரை நடந்திராத விஷயம்.

இந்த நிலையில்தான் நிலையத்துக்கு ஒரு பயிற்சிப் பொம்மை வந்து இறங்கியது. தலையும் உடம்பும் உண்டு, கால் கிடையாது. நெஞ்சைச் சரியாக அமுக்கினால் தோளில் பச்சை விளக்கு எரியும். லீவு கேட்காது, தும்மாது. அக்கா அதற்கு 'சக்களத்தி' என்று பெயர் வைத்தார். அடுத்த மாதத்திலிருந்து பொம்மையே போதும் என்று மேலாளர் சொன்னதும், பெயர் பொருத்தமாகிவிட்டது.

மேலாளர் கல்லூரியில் தத்துவம் படித்துவிட்டு நிர்வாகத்துக்கு வந்தவர். படித்ததைப் பயன்படுத்த இதுவரை வாய்ப்புக் கிடைத்ததில்லை.

"அதுவும் நானும் ஒண்ணா சார்?" என்று அக்கா அவர் அறைக்கே போய்க் கேட்டார்.

"வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு என்னக்கா வித்தியாசம்? கூப்பிட்டா ரெண்டு பேருமே பதில் சொல்றதில்ல."

"எனக்குக் கேக்குதே!"

"கேக்குதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எந்திரிச்சு சொல்றேன்."

"எந்திரிச்சா அது மயக்கமே இல்லையே!"

அக்கா வாயடைத்துப் போனது இந்த ஒரு தடவைதான். உள்ளே ஆள் இருப்பதாகக் காட்டினால் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றாகும். காட்டாவிட்டால் பொம்மைக்குச் சமம். எப்படியும் சீட்டுக் கிழியும். நிறையப் படித்தவர்கள் இந்த முடிச்சை வைத்துத் தலையணை தலையணையாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் எவருக்கும் அதனால் வேலை போனதாகத் தெரியவில்லை.

மேலாளர் நியாயமான மனிதர். பொம்மையிடம் மட்டுமே பழகிய வகுப்பினருக்குக் கடைசி நாளில் அக்காவை வைத்துத் தேர்வு நடத்துவது என்று ஏற்பாடு செய்தார். அவர்கள் சரியாகச் செய்துவிட்டால் அக்கா தேவையில்லை.

அன்று அக்கா ஒரு தீர்மானத்தோடு படுத்தார். போகிறதுதான் போகிறோம், இப்படியொரு மயக்கத்தை இவர்கள் கண்டிருக்கக் கூடாது. இமை அசையக் கூடாது, விரல் துடிக்கக் கூடாது.

முதலில் வந்தவர் ரொட்டிக் கடையில் மாவு பிசைபவர். கைகள் ஒவ்வொன்றும் ஒரு மாவு மூட்டைக்குப் பதில் சொல்லும். மண்டியிட்டார். "கேக்குதா கேக்குதா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல், மூக்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் கோத்து அக்காவின் நெஞ்சில் வைத்தார்.

அக்காவுக்கு நிலைமை புரிந்தது. வாய் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் விலா எலும்பு போகும். யோசித்து முடிப்பதற்குள் முதல் அமுக்கு விழுந்தது.

"அடப்பாவி! உசுரோட இருக்கேன்யா!"

ரொட்டிக்காரர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முகம் அவர் பிசையும் மாவின் நிறத்துக்கு வந்திருந்தது. அக்கா நெஞ்சைத் தடவியபடி எழுந்து உட்கார்ந்து, "போச்சு. எந்திரிச்சுட்டேன். என் வேலை போச்சு," என்றார்.

முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டிய பயிற்சி வாத்தியார் ஓடி வந்தார். "மூச்சு வருதான்னு பாத்தியாப்பா?"

"அது எப்பவும் வராதே சார்," என்றார் ரொட்டிக்காரர் பரிதாபமாக.

வாத்தியார் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்கெல்லாம் பாத்திருப்பீங்களா?"

எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். பொம்மை ஒரு நாளும் மூச்சு விட்டதில்லை. எனவே யாரும் தேடியதில்லை. சடங்குக்கு "கேக்குதா" என்று கேட்டுவிட்டு, பச்சை விளக்குக்குப் போய்விடுவார்கள்.

கல்லூரியை விட்ட பிறகு முதல்முறையாக, மேலாளர் முகத்தில் ஒரு களை வந்தது.

"நமக்கு வேண்டியது, உள்ள இருக்காங்களா இல்லையான்னு சந்தேகப்படற மாதிரி ஒரு ஆளு."

"நான் இருக்கேன் சார். அதுல என்ன சந்தேகம்?"

"உங்களுக்கு இல்லக்கா. அவங்களுக்கு வரணும்."

சந்தேகத்தை உண்டாக்குவதற்கு வழியும் செய்தார்கள். பொம்மைக்குப் பழைய கால்சட்டையில் துணியைத் திணித்துக் கால் கட்டினார்கள். இரண்டு விரிப்பு, இரண்டு போர்வை, தலை முதல் கால் வரை. எதற்குள் யார் என்று வாத்தியாருக்கு மட்டுமே தெரியும். நெஞ்சில் கை வைப்பதற்கு முன் வாத்தியாரின் அனுமதி வேண்டும் என்பது அக்கா போட்ட நிபந்தனை. அவருக்கு நெஞ்சு இன்னும் வலித்தது.

மறு தேர்வுக்கு ரொட்டிக்காரர் வந்தார். போர்வையை மெதுவாக விலக்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகும் அவர் எதையும் நம்பத் தயாராக இல்லை. "அக்கா, கேக்குதா?" என்று கேட்டுவிட்டு நின்றார். பதில் வரவில்லை. குனிந்து கன்னத்தைக் கொண்டுபோய், தன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். கூடமும் அவரோடு சேர்ந்து காத்திருந்தது. வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று அவர் கன்னத்தில் பட்டது.

"இருக்காங்க!" என்று கத்தினார். "சார், இருக்காங்க! இருக்காங்க!"

தான் இருப்பதை இன்னொருவர் இத்தனை சந்தோஷமாக அறிவித்து அக்கா கேட்டதில்லை. விதிகளுக்குப் புறம்பாக அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. வாத்தியார் அதைக் கவனிக்காத மாதிரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.